லாக்ஸ்டன் வயல்களைப் பற்றி அப்பாவுக்கு

நியூவார்க், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். வேலை பழகிவிட்டது, குளிர்தான் பழகவில்லை. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே பக்கத்தில் லாக்ஸ்டன் என்றொரு சிற்றூர். போய் நின்றதும் உங்களைத்தான் நினைத்தேன். இங்கிலாந்தில் பெரும்பாலும் வயலைச் சுற்றி உயிர்வேலி இருக்கும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு, ஊரார் சேர்ந்து உழுத திறந்த வயல்களைத் தனித்தனியாக அடைத்துவிட்டார்கள். மாடு மேய்க்கும் உரிமையை இழந்த ஏழைகள் எத்தனையோ பேர். லாக்ஸ்டனில் மட்டும் பழைய முறை பெருமளவு பிழைத்திருக்கிறது.

மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று மூன்று பெரிய வயல்கள். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவதற்கு ஓய்வு; வருடந்தோறும் முறை மாறும். ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் மூன்றிலும் நீள நீளமாகத் துண்டுகள் உண்டு. நல்ல மண் ஒருவருக்கு, களர் இன்னொருவருக்கு என்று ஆகாமலிருக்க இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. நிலம் இப்படிச் சிதறிக் கிடப்பதால் பண்ணை வீடுகள் பெரும்பாலும் ஊர்த் தெருவிலேயே இருக்கின்றன.

துண்டுகளுக்கு நடுவே நம் ஊர் வரப்புகூடக் கிடையாது. பக்கத்து நிலத்தில் ஒரு சால் சேர்த்து உழுதுவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் ஊர் விவசாயிகளே நடுவர்களாகப் போய்க் கோதுமை வயலைப் பார்த்து, எல்லையில் முளைக்குச்சி அடிக்கிறார்கள். அடுத்த வாரம் டவ்கோட் என்னும் மதுக்கடையில் ஊர் நீதிமன்றம் கூடி அபராதம் போடுகிறது. விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 1977இல் பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தை எடுத்தபோதும் இதற்கு விட்டுவைத்தார்கள்.

1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த இவ்வூரின் வரைபடம் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. எந்தத் துண்டு யாருடையது என்பது அதில் தெரியும்.

உழுகிறவர்கள் குத்தகைதாரர்கள். பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உரிய (அரச குடும்பத்தின் தனிச் சொத்தல்லாத) நிலங்களை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட் என்ற அமைப்பிடமிருந்த நிலம் 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் நிலவுடைமைக்குக் கைமாறியது. இந்த முறையைக் கைவிடாமல் காப்பாற்ற வேண்டுமே என்று கவலையாக இருக்கிறது.

நீங்களும் அம்மாவும் நவம்பர் கடைசியில் வருவது போல டிக்கெட் போடுகிறேன். பாஸ்போர்ட்டைச் சீக்கிரம் புதுப்பித்துவிடுங்கள், அப்பா.

அன்பு மகள்,
செல்வி