படலமா, கட்டியா என்பதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறிவியல் பக்கத்தில் மீக்கடத்திகள் (போதிய அளவு குளிர்ந்ததும் மின்தடையை முற்றிலும் இழக்கும் பொருள்கள்) பற்றி வந்த கட்டுரையில், இரும்பு செலினைடு 65 கெல்வினில் மீக்கடத்தியாகும் என்று ஒரே வரியில் சொல்லியிருந்தது. அதைப் படித்த என் மாணவி மறுநாளே வந்து, "திரவ நைட்ரஜனின் ஆவியைப் பம்பு வைத்து இழுத்தால் 64 கெல்வின் வரை இறங்கலாமே மேடம், ஒரு படிகம் வாங்கிச் சோதித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். கணக்கு சரிதான். ஆனால் கட்டியாக இருக்கும் அந்தப் படிகம், 8 கெல்வினுக்குக் குளிரும் வரை வாயே திறக்காது.

65 என்ற எண், 2012-இல் சீன ஆய்வாளர்கள் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற வேறொரு படிகத்தின் மேல் வளர்த்த, இரும்பு செலினைடின் ஒற்றை அடுக்குப் படலத்துக்கு உரியது. அதன் மேல் இரண்டாவது அடுக்கு படிந்தால், அந்த அடுக்கில் மீக்கடத்தல் தென்படவில்லை. கீழே இருக்கும் தளமும் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தருகிறது.

பிஸ்மத்தையும் பாருங்கள். தூய படிகம் 0.00053 கெல்வினுக்குக் கீழேதான் மீக்கடத்தியாகிறது. இதைக் கண்டறிந்தது மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அதே பிஸ்மத்தை ஆவியாக்கி, கடுங்குளிரில் இருக்கும் தகட்டில் படியவிட்டால் அணுக்களுக்கு வரிசைகட்ட நேரமிருக்காது. அந்தத் தாறுமாறான படலம் 6 கெல்வினிலேயே தடையை இழந்துவிடும். பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம்! கொஞ்சம் சூடாக்கினால் படிகமாகிவிடும், மீக்கடத்தலும் போய்விடும்.

படலமாக மெலிந்தால் மீக்கடத்தியாகும் வெப்பநிலை எப்போதும் ஏறும் என்றும் நினைத்துவிடக் கூடாது. நான் முதன்முதலில் அளந்தது எட்டு நானோமீட்டர் நியோபியம் படலம். கட்டி நியோபியத்துக்கு 9.2 கெல்வின் என்று மனப்பாடமாகத் தெரியும். 9-ஐக் கடந்தேன், 8-ஐக் கடந்தேன், மின்தடை இறங்கவேயில்லை. வெப்பமானி பழுது என்று முடிவுகட்டி, கிரையோஸ்டாட்டை (மாதிரியைக் குளிர்விக்கும் கலனை) பிரித்து கம்பிகளை மறுபடி பற்றவைத்தேன். அப்போதும் 7-ஐ நெருங்கிய பிறகுதான் விழுந்தது. வெப்பமானியில் ஒரு குறையும் இல்லை. மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அந்த எட்டில் ஓரிரண்டைத் தின்றிருந்தது, மிச்சமிருந்ததிலும் ஒழுங்கின்மை.

வெப்பநிலையோடு விஷயம் முடிவதுமில்லை. இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, அழுத்திச் சுட்ட வில்லையானாலும் நல்ல படலமானாலும் 90 கெல்வினை ஒட்டியே மீக்கடத்தியாகும். ஆனால் 77 கெல்வினில் படலம் சதுர சென்டிமீட்டருக்கு பத்து லட்சம் ஆம்பியருக்கு மேல் தாங்கும். வில்லை ஆயிரத்தைத் தொடவே திணறும். வில்லைக்குள் நுண்படிக மணிகள் திசைக்கொன்றாகக் கிடக்கின்றன, மணிகளுக்கு இடையிலான ஒவ்வொரு எல்லையிலும் மின்னோட்டம் இடறுகிறது. இன்று இந்தப் பொருளில் மின்கடத்தி செய்பவர்கள் உலோக நாடாவின் மேல் மெல்லிய பூச்சாக வளர்ப்பது இதனால்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி மீக்கடத்தியின் வெப்பநிலையை அச்சிடும்போது, படலமா கட்டியா, படலமென்றால் எத்தனை நானோமீட்டர், எதன் மேல் வளர்த்தது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். அரை வரிதான் கூடும்.

இப்படிக்கு,
மென்படல ஆய்வில் இருபது ஆண்டுகளாக இருக்கும் ஒரு வாசகி