சப்பாத்திக்கள்ளியும் சர்க்கரை மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சப்பாத்திக்கள்ளிப் பழம் சாப்பிட்டால் நீரிழிவு பறந்துவிடும் என்று ஒரு காணொளி சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வட்டார முதியோர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. தேக்கா சந்தையில் கிடைக்குமா என்று ஆளாளுக்கு என்னைக் கேட்கிறார்கள். தாதியாக வேலைபார்த்து ஓய்வுபெற்றவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பழம் நல்லதுதான், நார்ச்சத்து நிறைய. மெக்சிகோவில் அதன் இளந்தண்டையே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை அது ஓரளவு குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. தண்டு, கவனியுங்கள், காணொளிக்காரர் ஆட்டிக்காட்டும் பழமல்ல! இன்சுலினோ கிளிப்பிசைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் இந்தத் தண்டின் பொடியையும் தினமும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டலாம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பெரிய முள்ளுக்குப் பயப்பட வேண்டாம், கண்ணுக்குத் தெரியும். பழத்தோலின் புள்ளிகளில் பூனைமுடிபோல் கொத்தாக நிற்கும் சுணைதான் எமன். விரலில் ஏறினால் தேய்க்காதீர்கள், ஒடிந்து உள்ளே போய்விடும், சாமணத்தால் பிடுங்குங்கள். தோலை முழுதாகச் சீவாமல் வாயில் வைத்தால் நாக்கு, தொண்டை எல்லாம் பாடுதான். விதையை அளவுமீறி விழுங்கினால் குடலை அடைக்கும்.

வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கும் கள்ளியெல்லாம் இதுவல்ல. கிள்ளினால் வெள்ளைப்பால் வடிந்தால் தொடாதீர்கள். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

காணொளியைப் பகிர்பவர்கள் இவற்றையும் சேர்த்துப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

ஓய்வுபெற்ற தாதி, ஈசூன்