அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புடையீர்,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்ல முறையில் நிறைவடைந்தன. வட்டார விளையாட்டுப் போட்டியில் நம் கோ-கோ அணியும், அறிவியல் கண்காட்சியில் எட்டாம் வகுப்பினரும் பரிசு பெற்றுள்ளனர். பசுமைப் படையினர் நட்ட கன்றுகளும் மழைக்குத் தப்பி நிற்கின்றன. அனைவருக்கும் என் பாராட்டுகள்.

ஜனவரியில் நடக்கவுள்ள ஆண்டு விழாவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பின் 'புரட்சிகளின் காலம்' பாடத்தையொட்டி, பிரெஞ்சுப் புரட்சியில் பங்கேற்ற பெண்களைப் பற்றிய 20 நிமிட நாடகம் ஒன்றை, வரலாற்று ஆசிரியையின் வழிகாட்டுதலில் மாணவர்களே எழுதியிருக்கிறார்கள். நடிக்கவிருந்த 16 பேரில் 7 மாணவிகள், கடந்த இரண்டு வாரங்களில் வீட்டிலிருந்து கடிதம் கொண்டுவந்து விலகிவிட்டனர். மாணவர்களில் ஒருவர்கூட விலகவில்லை. இப்போது பதினாறாம் லூயி மன்னர் தயாராக இருக்கிறார். அவரை அரண்மனையிலிருந்து அழைத்துவர வேண்டிய பெண்களைத்தான் காணவில்லை.

கடிதங்களில் மூன்று காரணங்கள் மாறி மாறி வருகின்றன. ஒத்திகை முடிவதற்குள் இருட்டிவிடுகிறது என்பது முதல் காரணம். இது நியாயமானது, தவறு எங்களுடையது. இனி ஒத்திகை மாலை 5 மணிக்குள் முடிந்துவிடும். தேர்வில் வராத பகுதிக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்பது இரண்டாவது. பெண் பிள்ளைக்கு ஊர்வலமும் கோஷமும் எதற்கு என்பது மூன்றாவது. இவ்விரண்டுக்கும் விடை சொல்ல, அந்த நாடகத்தில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது.

1789 அக்டோபர் 5 அன்று, ரொட்டித் தட்டுப்பாட்டால் கொதித்துப்போன பாரிஸ் நகரச் சந்தைப் பெண்கள், மீன் விற்பவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர், மழையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நடந்து வெர்செயில்ஸ் அரண்மனையை அடைந்தார்கள். ஆகஸ்டிலேயே நிறைவேறியிருந்த மனித உரிமைப் பிரகடனத்துக்கு ஒப்புதல் தராமல் நாள் கடத்திவந்த மன்னர், அன்று இரவுதான் இணங்கினார். மறுநாள் குடும்பத்துடன் பாரிஸுக்கு வரவும் நேர்ந்தது. பிரகடனத்துக்கு ஒப்புதல் கிடைக்கக் காரணமாக இருந்த அந்தப் பெண்களுக்கு, அதனால் வாக்குரிமை கிடைக்கவில்லை. இந்த முரணைக் கண்டு 1791இல் ஒலிம்ப் டி கூஜ் என்ற பெண் எழுத்தாளர் பெண்ணுரிமைப் பிரகடனம் ஒன்றை எழுதினார். கொலைமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு இருக்குமானால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் இருக்க வேண்டும் என்பது அதன் பத்தாவது பிரிவின் கருத்து. 1793 நவம்பர் 3 அன்று அவரே கொலைமேடையில் மாண்டார். அதற்கு நான்கு நாட்கள் முன்னர்தான் பெண்கள் சங்கங்கள் அனைத்தும் தடை செய்யப்பட்டிருந்தன. சாக்லேட் தயாரித்துப் பிழைத்த பவுலின் லியோனும் நடிகை கிளேர் லக்கோம்பும் தொடங்கிய சங்கம், பிறந்த ஆறு மாதத்துக்குள் அப்படித்தான் மறைந்தது. 1795இல் ஐந்து பெண்களுக்கு மேல் தெருவில் கூடினால் கைது என்ற ஆணையும் வந்தது. பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இல்தான்.

புரட்சித் தலைவர் ரோபஸ்பியரையும் பின்னர் பேரரசரான நெப்போலியனையும் நம் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். மழையில் நடந்துபோனவர்களின் பெயர்கள் மட்டும் ஏன் தெரியவில்லை என்று ஒத்திகையில் ஒரு மாணவி கேட்டாள். அவர்களில் பலருடைய பெயர்கள் காவல்துறைக் குறிப்புகளிலும் கைது ஆவணங்களிலும்தான் மிஞ்சியிருக்கின்றன என்று ஆசிரியை சொன்னதும், ஒத்திகை அன்று அத்துடன் நின்று, பேச்சாகவே போனது. மதிப்பெண்ணுக்கு உதவாத நேரம் என்று அதை என்னால் ஒதுக்க முடியவில்லை. தலை வெட்டும் காட்சி எதுவும் நாடகத்தில் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மற்றொன்றை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன். சென்ற வாரம் பள்ளி வாயிலில், பிள்ளைகள் முன்னிலையில், இந்த நாடகத்தை முன்னிட்டு நம் ஆசிரியையிடம் ஒருவர் உரத்த குரலில் தகாத முறையில் பேசியிருக்கிறார். இதை நான் அனுமதிக்க மாட்டேன். குறை இருப்பின் என் அறைக்கு வந்து சொல்லுங்கள். இருட்டைக் காரணம் காட்டி மகளை நிறுத்திய சில வீடுகளிலிருந்தே மகன்கள் 6.30 மணி வரை கபடிப் பயிற்சியில் இருக்கிறார்கள் என்பதையும் கவனித்தேன். விலகிய எழுவரில் இருவர் தாங்களே விரும்பி விலகியதாகச் சொன்னார்கள்; அதை மதிக்கிறோம். மற்ற ஐவரிடமும் கடிதம் எழுதும் முன் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளைகள் மீதான அக்கறையால்தான் நீங்கள் எழுதினீர்கள் என்பதை அறிவேன். நானும் ஒரு மகளை வளர்த்தவள்தான். உடைகளைத் தம் வீட்டிலேயே தைத்துத் தந்த தாய்க்கும், ஒத்திகை நாட்களில் நான்கு மாணவிகளைத் தம் ஆட்டோவில் வீடு சேர்க்கும் தந்தைக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

அந்த ஐந்து பாத்திரங்களுக்கும் வேறு யாரையும் இன்னும் தேர்வு செய்யவில்லை. மகளிடம் பேசிய பின், இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் அவளும் நீங்களும் கையொப்பமிட்டு, பள்ளி திறக்கும் நாளன்று வகுப்பாசிரியையிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை