மூக்கில் ஆறாத புண்: கடலோரத்தில் முகப் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இராமநாதபுரம் கடலோரத்தில் முகத்தில் ஆறாத புண் ஒன்று வந்தால், அதைப் புற்றுநோய் என்று யாரும் நினைப்பதில்லை. கறுத்த தோல் உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவாகவே வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணத்தாலேயே, வந்தவர்களுக்குக் கண்டுபிடிப்பது தாமதமாகிறது. தங்கச்சிமடத்தில் மீன்பிடித் தொழில் செய்யும் என் தாய்மாமாவின் மூக்கு மடலில் மிளகளவில் கறுப்பாக, பளபளப்பாக ஒரு பரு தோன்றியது. பொருக்குக் கட்டும், உதிரும், மறுபடி கசியும். முகம் துடைக்கும்போதெல்லாம் துண்டில் ரத்தம் படியும். சூட்டுக் கட்டி என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மருந்துக்கடையில் களிம்பு கொடுத்தார்கள். சதைப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் அவர் போய்ச் சேர்வதற்குள் மூக்கு மடலில் பாதி அரித்துப் போயிருந்தது.

பரிசோதனையில் தெரியவந்த, அடித்தளச் செல் புற்று எனப்படும் இந்தத் தோல் புற்றுநோய் மெதுவாக வளர்வது; பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் சில தையல்களோடு முடிந்துவிடும். விட்டுவைத்தால் தோலைத் தாண்டிக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும்.

மாமாவுக்கு மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று உறுதியான பிறகே மூக்கைச் சீரமைத்தார்கள். மூச்சை இழுக்கும்போது மூக்குத் துளை அமுங்கிவிடாமல் இருக்கக் காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைத்து, புருவத்தின் உள்ளோரமாக மேலேறும் ரத்தக்குழாயோடு நெற்றித் தோலைக் கீறித் திருப்பி மூக்கின்மேல் பொருத்தினார்கள். புதிய இடத்தில் ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை, ஏறத்தாழ 3 வாரம், நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே அந்தச் சதைத் தண்டு அப்படியே இருக்க வேண்டும். அதன் பிறகே இரண்டாவது அறுவையில் அதைத் துண்டிப்பார்கள். அந்த நாட்களில் அவர் வாசற்படி தாண்டவே கூசினார். மைசூர்ப் போரில் மூக்கறுபட்ட ஒரு மாட்டு வண்டிக்காரருக்குப் புனேயில் இதே நெற்றித் தோல் முறையில் மூக்கு அமைத்த செய்தி, 1794-இல் லண்டன் இதழ் ஒன்றில் ஆசிரியருக்கு எழுதப்பட்ட கடிதமாகவே வெளிவந்தது. அதன் வழியாகத்தான் இம்முறை இங்கிலாந்து மருத்துவர்களின் கவனத்துக்குச் சென்றது. இவ்வளவு பழைய மருத்துவம் நம் மாவட்டத்து மக்களுக்கு இன்னும் எட்டாத தொலைவில் இருக்கலாமா?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வரும் பணியாளர்களுக்கு, ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத முகப் புண்ணையும், ரத்தம் கசியும் கறுப்புப் பருவையும் அடையாளம் காணப் பயிற்சி அளிக்க வேண்டும். பாம்பன், மண்டபம் பகுதிகளில் பாசி எடுக்கும் பெண்களும், வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளர்களும் நீரிலும் உப்பிலும் பட்டு எதிரொளிக்கும் வெயிலை நாள் முழுக்க முகத்தில் வாங்குகிறார்கள், அவர்களிடமிருந்தே தொடங்கலாம். 2022-இல் திறக்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் மருத்துவர்கள் மாதம் ஒருமுறையாவது இவ்வூர்களில் முகாம் நடத்த வேண்டும். இவ்வகைச் சீரமைப்பு அறுவை சிகிச்சையும் அங்கேயே முழுமையாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். சிகிச்சைச் செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றாலும், கட்டு மாற்றவும் இரண்டாவது அறுவைக்கும் மதுரைக்கு அலையும்போது நோயாளியும் துணைக்குச் செல்பவரும் இழக்கும் கூலியை யாரும் ஈடுகட்டுவதில்லை. மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் இதைக் கவனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.