மெஜாரிட்டி மட்டும் ஜனநாயகம் இல்ல தம்பி

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுறது.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்ப பரவாயில்ல, சாயங்காலம் கம்மாக்கரை வரைக்கும் நடந்துட்டு வர்றாரு. ஞாயித்துக்கிழமை நீ போன்ல பேசுனதுக்கு அப்பவே பதில் சொல்லியிருப்பேன், நடுவுல நெட் கட்டாயிருச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா இது போன்ல அஞ்சு நிமிஷத்துல பேசி முடிக்கிற விஷயமும் இல்ல. அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படி.

நீ சொன்னது ரெண்டு. துபாய்ல எலெக்‌ஷன் இல்ல, கட்சி இல்ல, ஆனா ரோடு எப்படி இருக்கு பாருங்கம்மா, கண்டிப்பா ஒரு ஆள் உக்காந்து நடத்துனா எல்லாம் தானா சரியாயிரும்னு சொன்ன. அடுத்து, மெஜாரிட்டி சொல்றதுதானே ஜனநாயகம், இங்க மெஜாரிட்டி காசு வாங்கிட்டு ஓட்டு போடுது, அப்புறம் அதுக்கு என்ன மரியாதைன்னு கேட்ட. ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்றேன், ஏன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ணது அதுதான்.

மெஜாரிட்டி சொல்றதுதான் ஜனநாயகம்னா, நம்ம மதுரை மாவட்டத்துல பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துலயும் விருதுநகர் பக்கம் கொட்டக்கச்சியேந்தல்லயும் 1996ல இருந்து 2006 வரைக்கும் நடந்ததுதான் நல்ல ஜனநாயகம்னு சொல்லணும். அங்க மெஜாரிட்டி அவ்வளவு ஒத்துமையா இருந்துச்சு. பஞ்சாயத்துத் தலைவர் பதவி தலித் மக்களுக்குன்னு ரிசர்வ் ஆனதும், யாரும் மனு போடக்கூடாதுன்னு ஊரே கூடி முடிவு பண்ணிட்டாங்க. மீறி தேர்தல் நடந்தா தாங்களே ஒரு ஆளை நிறுத்தி ஜெயிக்க வச்சு, பதவி ஏத்த கையோட ராஜினாமா எழுதி வாங்கிருவாங்க. மறுபடி தேர்தல் அறிவிப்பு வரும், மறுபடி அதே கதை. பத்து வருஷம்! அந்த ஊர்கள்ல கையைத் தூக்கச் சொல்லி எண்ணியிருந்தா எப்பவும் மெஜாரிட்டிதான் ஜெயிச்சிருக்கும். அது ஜனநாயகமா, நீயே சொல்லு.

மேலூர் பக்கம் மேலவளவுல அதை விடக் கொடுமை. அங்கயும் தலைவர் பதவி ரிசர்வ் ஆச்சு, மிரட்டல்ல முதல்ல மனு போட்டவங்க வாபஸ் வாங்குனாங்க, அப்புறம் முருகேசன் துணிஞ்சு நின்னு ஜெயிச்சாரு. ஜெயிச்ச தலைவரால பஞ்சாயத்து ஆபீஸுக்குள்ள போய் உக்கார முடியல. 1997 ஜூன் 30, மதுரையில கலெக்டர் ஆபீஸுக்குப் போய்ட்டு பஸ்ல திரும்பி வர்றப்ப வழி மறிச்சு அவரையும் கூட இருந்தவங்களையும் வெட்டிக் கொன்னாங்க, மொத்தம் ஆறு பேர். ஒரு பஞ்சாயத்து நாற்காலிக்கு. அந்தத் தகவல் வந்த அன்னைக்கு நீ கைப்புள்ள, உன்னைத் தொட்டில்ல போட்டுட்டு நானும் அப்பாவும் பேசவே இல்ல.

அப்ப அந்த ஊர்கள்ல ஜனநாயகம் எங்க இருந்துச்சுன்னு கேட்டா, மெஜாரிட்டி கிட்ட இல்ல. அரசியல் சட்டத்துல 73வது திருத்தம்னு ஒண்ணு பண்ணி, பஞ்சாயத்துல பட்டியல் சமூகத்துக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கியே ஆகணும்னு வச்சாங்க பாரு, அதுல இருந்துச்சு. உயிருக்குப் பயமிருந்தும் மனு போட்ட ஒவ்வொரு ஆள்கிட்டயும் இருந்துச்சு. ஊரே சேர்ந்து சொன்னாலும் செய்யக்கூடாத விஷயம்னு சிலது இருக்கு, அதை எழுதி வச்சு எண்ணிக்கைக்கு எட்டாத உயரத்துல வைக்கிறதும் ஜனநாயகம்தான். 2006ல அப்ப மதுரை கலெக்டரா இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊரா போய் உக்காந்து பேசி, ஒருவழியா அந்த வருஷம் அக்டோபர்ல தேர்தல் நடந்து, ஜெயிச்சவங்க ராஜினாமா பண்ணாம பதவியில உக்காந்தாங்க. ஜெயிச்ச நாலு தலைவர்களையும் சென்னைக்குக் கூப்பிட்டு அப்ப முதலமைச்சரா இருந்த கலைஞர் சமத்துவப் பெருவிழான்னு விழாவே எடுத்தாரு. 2021 காந்தி ஜெயந்திக்கு பாப்பாபட்டி கிராம சபையில முதலமைச்சர் ஸ்டாலினே வந்து உக்காந்தாரு. அதுக்காக எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், தலைவருக்கு நாற்காலி குடுக்காம தரையில உக்கார வச்சாங்கன்னு இன்னமும் அங்கங்க நியூஸ் வருது, படிக்கிறப்ப வயிறு எரியுது. ஆனா அது தப்புன்னு கேஸ் போட ஒரு சட்டம் இருக்கு, அதைச் சொல்ல ஒரு பேப்பர் இருக்கு.

நான் டீச்சரா இருந்த காலம் பூரா எலெக்‌ஷன் டியூட்டி பார்த்தவ, உனக்கே தெரியும், மொத நாள் சாயங்காலமே பெட்டியும் பையுமா லாரியில ஏறிப் போய் பள்ளிக்கூடத்து பெஞ்சுல படுத்துக் கிடப்போம். உள்ளாட்சித் தேர்தல்ல கிராமத்துல ஒரு ஆளுக்கு நாலு சீட்டு குடுப்போம், வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியக் கவுன்சிலருக்கு பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். வயசான அம்மாக்கள் வந்து "தலைவர் சீட்டு எதுத்தா, ரோஸா?"ன்னு கேட்டு அதை மட்டும் தனியா பிடிச்சுக்கிட்டு மறைப்புக்குள்ள போவாங்க, முத்திரை குத்தி, மை அந்தப் பக்கம் ஒட்டிரக் கூடாதுன்னு ஊதி ஊதி மடிச்சுப் போடுவாங்க. எண்ணுற அன்னைக்குப் பெட்டியைக் கவுத்தா மேசை பூரா நாலு கலரும் கலந்து கிடக்கும். முதல்ல கலர் கலரா பிரிக்கணும், அப்புறம் சின்னம் பார்த்து அடுக்கணும். அந்தக் குவியல்ல எந்த ரோஸ் சீட்டு அம்பது ஏக்கர் வச்சிருக்கிறவரோடது, எது அவர் வயல்ல களை எடுக்கிற அம்மாவோடதுன்னு கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. ஊருக்குள்ள வேற எந்த இடத்துலயும் அவங்க ரெண்டு பேரும் அப்படிக் கலந்து கிடந்து நான் பார்த்ததில்ல. அதனாலதான் அந்தச் சீட்டை யாராவது கேவலமா பேசுனா எனக்குத் தாங்காது.

அது சும்மா வந்ததும் இல்ல தம்பி. வெள்ளைக்காரன் காலத்துல சொத்து இருக்கணும், வரி கட்டியிருக்கணும், இல்ல படிச்சிருக்கணும், அப்பத்தான் ஓட்டு. அதுக்கும் முன்னாடி நம்ம உத்திரமேரூர் குடவோலையைப் பத்தி எல்லாரும் பெருமையா பேசுறோம், நானும் ஆசையா பாடம் நடத்தியிருக்கேன், ஆனா அந்தக் கல்வெட்டுலயே இருக்கு, சொந்த நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் படிச்சிருக்கணும், வயசு 35ல இருந்து 70க்குள்ள இருக்கணும். அதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு, பதவியில இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேரும் அவன் சொந்தக்காரங்க பேரும் குடத்துக்குள்ளயே போகக்கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி!

ஆனா இருபத்தொரு வயசான எல்லாருக்கும் ஓட்டுன்னு ஒரே அடியா குடுத்தது 1950ல வந்த அரசியல் சட்டம்தான். நூத்துக்கு எண்பது பேருக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாத நாட்டுல 17 கோடிப் பேரை லிஸ்ட்ல சேர்த்து 1951-52ல தேர்தல் நடத்துனாரு நாட்டோட முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். எழுத்து தெரியாதவங்களுக்காக, தேர்தல்ல நிக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல சின்னம். வடக்க நிறையப் பெண்கள் தன் பேரைச் சொல்லாம இன்னாரோட சம்சாரம், இன்னாரோட அம்மான்னே எழுதச் சொல்ல, அப்படி எழுதக்கூடாது, பேரு வேணும்னு சொல்லி ஏறக்குறைய 28 லட்சம் பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்தாங்க. கேக்க கஷ்டமா இருந்தாலும் அவர் பண்ணது சரின்னுதான் நான் நினைக்கிறேன், அடுத்த தேர்தலுக்குள்ள பேரைச் சொல்லி வந்து நின்னாங்கள்ல. சுவிட்சர்லாந்து மாதிரி நாட்டுலயே நாடாளுமன்றத் தேர்தல்ல பெண்களுக்கு ஓட்டு வந்தது 1971லதான்.

இப்ப உன் துபாய் ரோடு. ரோடு நல்ல ரோடுதான், நானே வந்து பார்த்தேன், இல்லைன்னு சொல்லல. ஆனா கண்டிப்பான ஒரு ஆள் நடத்துறதை நாங்களும் பார்த்தோம். 1975 ஜூன்ல பிரதமர் இந்திரா காந்தி எமர்ஜென்சி கொண்டு வந்தப்ப நான் ஸ்கூல்ல படிச்சுக்கிட்டிருந்தேன், ரயில் டயத்துக்கு வருது, ஆபீஸ்ல எல்லாரும் சீட்ல இருக்காங்கன்னு பெரியவங்க பாராட்டிப் பேசுனது காதுல இருக்கு. அதே சமயத்துல பேப்பர்ல எதைப் போடலாம்னு அதிகாரி முடிவு பண்ணான், எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயில்ல, 1976 ஜனவரி கடைசியில நம்ம மாநில ஆட்சியையே கலைச்சாங்க. சட்டத்துக்குப் புறம்பா பிடிச்சு வச்சிருந்தா கோர்ட்டுக்குப் போகலாமான்னு சுப்ரீம் கோர்ட்ல கேஸ், அஞ்சு ஜட்ஜுல நாலு பேர் முடியாதுன்னு தீர்ப்பு சொன்னாங்க, எச்.ஆர். கன்னா ஒருத்தர்தான் மறுத்தாரு, அதுக்காக தலைமை நீதிபதி பதவி அவருக்கு வராம போச்சு. பாரு, இங்கயும் மெஜாரிட்டி நாலு. சரியா சொன்னது ஒருத்தர்.

1977 மார்ச்சுல ஓட்டு வந்துச்சு, ரேபரேலியில பிரதமரே தோத்தாங்க, தோத்ததும் எழுந்து போனாங்க. நம்ம தமிழ்நாடு அப்ப அவங்க கூட்டணிக்குத்தான் அள்ளிப் போட்டுச்சு, அதையும் சொல்லணும். ஆனா அவ்வளவு அதிகாரம் வச்சிருந்தவங்களை ஒரு குண்டு வெடிக்காம சீட்டால இறக்க முடிஞ்சது பாரு தம்பி. நல்லவன் கையில எல்லா அதிகாரத்தையும் குடுத்து ரோடு போட்டுக்கலாம். அவன் நாளைக்கு மாறிட்டா, இல்ல அவன் பிள்ளை வேற மாதிரி வந்தா, எப்படி இறக்குவ? இதுக்கு நீ பதில் சொல்லு.

காசு விஷயம். நீ சொன்னது உண்மை, மறைக்க மாட்டேன். 2016ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தலை நிறுத்துனாங்க, 2017ல ஆர்.கே. நகர், 2019ல வேலூர், எல்லாம் பணத்தாலதான். வெக்கமா இருக்கு. ஆனா வாங்குற அம்மாவை மட்டும் திட்டுறியே, குடுக்கிறவன் எங்கிருந்து எடுத்துக் குடுக்கிறான், அஞ்சு வருஷத்துல எந்த டெண்டர்ல திரும்ப எடுப்பான்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல. அதுவுமில்லாம காசு வாங்கிட்டு வேற ஆளுக்குக் குத்துன கதையை எத்தனை வீட்ல கேட்டிருக்கேன். மறைப்புக்குள்ள போனா யாரும் பார்க்க முடியாதுங்கிறது சாதாரண விஷயம் இல்ல.

தேர்தலே இல்லாம அதிகாரி நடத்துறதும் நமக்குப் புதுசு இல்ல. 2016 அக்டோபர்ல பஞ்சாயத்துப் பதவிக்காலம் முடிஞ்சது, 2019 டிசம்பர் வரைக்கும் தேர்தல் நடத்தல, தனி அலுவலர் ஆட்சி. 2025 ஜனவரியில முடிஞ்சதும் மறுபடியும் அதே. அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் நடத்தணும்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு, எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும் இதுல மட்டும் அவசரம் காட்டுறதில்ல. அந்த மூணு வருஷம் தெருவுல லைட் எரியலன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுறதுன்னே தெரியாது. தனி அலுவலர் நல்ல மனுஷனாவே இருக்கட்டும், அவர் கையில ஏகப்பட்ட ஊர், நம்ம தெருவுல குடியிருக்கிறவரும் இல்ல. தலைவர்னா டீக்கடையில மறிச்சுக் கேக்கலாம்.

கேக்கிறதுன்னதும் சொல்றேன், போன கிராம சபையில நூறு நாள் வேலைக்குப் போற ஒரு அம்மா எழுந்து, ரிஜிஸ்டர்ல இத்தனை லைட்டுன்னு எழுதியிருக்கீங்களே, எங்க தெருவுல இருக்கிறது மூணு, மிச்சம் எங்கன்னு கேட்டாங்க. கூட்டம் அமைதியாயிருச்சு. செயலர் பக்கத்தைப் புரட்டுறாரு, புரட்டுறாரு. அந்த அம்மா உக்காரவே இல்ல, பதில் வர்ற வரைக்கும் நின்னாங்க, கடைசியில நேர்ல வந்து எண்ணிப் பார்க்கிறோம்னு தீர்மானத்துல எழுத வச்சுட்டுத்தான் உக்காந்தாங்க. ரெண்டு வாரத்துல லைட்டு வந்துச்சு. நானும் மேல்நிலைத் தொட்டி ரிப்பேர் கணக்கு கேட்டிருக்கேன், அடுத்த கூட்டத்துல சொல்றோம்னாங்க.

நீ ரெண்டு வேலை பண்ணு. ஃபார்ம் 6ஏ ஆன்லைன்ல போட்டு வெளிநாட்டு வாக்காளரா பேரைச் சேர்த்துரு, பாஸ்போர்ட்ல இருக்கிற நம்ம ஊர் அட்ரஸ்தான் கணக்கு, ஓட்டு போட நேர்ல வந்தாகணும், ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் காட்டணும். அடுத்து, ஊருக்கு வர லீவு கேக்கிறப்ப மே 1 இல்லன்னா ஆகஸ்ட் 15 வர்ற மாதிரி டிக்கெட் போடு, அன்னைக்கு கிராம சபை. தொட்டிக் கணக்குக்கு அன்னைக்காவது பதில் வருதான்னு பார்ப்போம், இல்லன்னா உன்னை எழுந்து கேக்க வைப்பேன்.

மருமகளுக்கு மிளகாப்பொடி அரைச்சு வச்சிருக்கேன், வர்றவங்க யார்கிட்டயாவது குடுத்து விடுறேன்.

அன்புடன்,
அம்மா