தராசுக்குப் போகும் ஹாம் றேடியோக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாற்பது வருடம் ஹாம் றேடியோ (அனுமதி பெற்று, பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசுவது) நடத்தியவர் கண்மூடினால், அலுமாரியிலும் கட்டிலடியிலும் அவர் சேர்த்து வைத்ததெல்லாம் பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போய்விடுகிறது. அனுப்பும் கருவியில் போடும் 6146 வால்வுக்கும் (கண்ணாடிக் குழாய்) எரிந்துபோன மின்விசிறி மோட்டருக்கும் அங்கே ஒரே விலை. வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. எந்தப் பெட்டியிலும் ஒரு வரி எழுதியிருப்பதில்லை.

சேர்ப்பது பிழையில்லை. அலைவரிசையைத் திருப்பிப் பிடிக்க உதவும் நல்ல வேரியபிள் கண்டென்சர் இன்று புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினாலும் இலேசில் கிடைக்காது. ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி உப்புக்காற்றில் சும்மா கிடப்பது தானாகவே பழுதாகும். ஆகவே இருப்பவர்கள் இப்போதே நல்லது, கெட்டது என்று பிரிக்கத் தொடங்க வேண்டும்.

முதலில் எல்லாக் கருவியிலிருந்தும் பற்றரியைக் கழற்றுங்கள். அல்கலைன் பற்றரி கசிந்து வெள்ளை பூத்திருந்தால் தேசிக்காய்ச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, பின் ஸ்பிரிட்டால் துடைக்கலாம்.

அதிகம் குவிவது, செற்றையும் அன்ரெனாவையும் இணைக்கும் கோஎக்சியல் வயர்தான். நுனியில் ஒரு சாண் வெட்டித் தோலை உரியுங்கள். உள்ளே பின்னல் செம்பு நிறத்தில் மினுங்கினால் வைக்கலாம். கறுத்திருந்தால் தண்ணீர் ஏறிவிட்டது. பளபளப்பு வரும்வரை வெட்டுங்கள், வராவிட்டால் வீசுங்கள். பார்வைக்கு நல்லதையும் 50 ஓம் டமி லோட் (அன்ரெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் சுமை) மாட்டி 145 மெகாஹேர்ட்ஸில் சோதிக்க வேண்டும். 10 வாற் அனுப்பி மறுமுனையில் 5 வாற் வந்தால் பாதி வயரிலேயே போய்விட்டது. அந்த வயர் தாழ்ந்த அலைவரிசையான 7 மெகாஹேர்ட்ஸுக்கு இன்னும் உதவலாம், அதையும் பேப்பரில் எழுதி ஒட்டுங்கள்.

வருடக்கணக்கில் கிடந்த செற்றை நேரே 230 வோல்ற்றில் கொழுவாதீர்கள். எலெக்ட்ரோலிற்றிக் கண்டென்சரின் ஒக்சைட் படலம் மெலிந்திருக்கும். மின் கசிந்து சூடாகி வெடிக்கும். வேரியாக்கால் (வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கும் கருவி) சில மணி நேரத்தில் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். இல்லாவிட்டால் 60 வாற் இழை பல்பைத் தொடராகப் போட்டாவது பாருங்கள் (எல்ஈடி பல்ப் உதவாது). பல்ப் மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷோர்ட். வால்வு போட்ட அனுப்பும் கருவியில் பிளக்கைக் கழற்றிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ற் நிற்கும். ஆளைக் கொல்லும். அந்த மின்னை ரெசிஸ்டரால் இறக்கி, மீற்றரில் பார்த்தபின்தான் கை வைக்க வேண்டும்.

சில பெரிய வால்வுகளிலும் பவர் ட்ரான்சிஸ்டர்களிலும் உள்ள வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஒக்சைட். அதன் தூள் சுவாசப்பைக்கு நஞ்சு. உடைக்கவோ அராவவோ கூடாது.

2004 சுனாமியில் தொலைபேசி அறுந்த ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி தந்தது இந்த ஹாம் றேடியோதான். இப்படியான கருவி கிலோக்கணக்கில் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள்: மைக், பவர் கேபிள், கையேடு மூன்றையும் அந்தந்தச் செற்றோடு ஒரே பெட்டியில் வையுங்கள். அதற்கேயான பிளக் தொலைந்தால் நல்ல செற்றையும் யாரும் வாங்கமாட்டார்கள். அனுப்பும் கருவியைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் உள்ள, 4S எனத் தொடங்கும் இலங்கை அழைப்புக்குறி வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஹாம் றேடியோ ஆர்வலர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.