சபைச் செய்திக்குச் சந்தா கட்டினேன், சேலைச் செய்தி வந்தது

தலவாக்கலை,
2025 டிசம்பர் 15

சந்தாப் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு,
பிரதி: பிரதம ஆசிரியர்

பொருள்: பிரதேச சபை உறுப்பினர் ஒருவரின் பாதீட்டு (வரவு செலவுத் திட்ட) உரையை வெளியிடாமல் அவருடைய உடையை வெளியிட்டமை, செய்தியில் உள்ள தகவற் பிழைகள், சந்தாப் பணத்தை மீளப் பெறுதல்

மதிப்புக்குரிய ஐயா,

நான் தலவாக்கலையில் தையற்கடை நடத்துகிறேன். உங்கள் நாளிதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன். பத்திரிகை கடைக்கே வருகிறது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும் வரை காத்திருப்பவர்கள், பாடசாலைச் சீருடை வாங்க வந்த தாய்மார், பஸ் தவறவிட்ட ஆசிரியர்கள் என்று ஒரு பிரதியைப் பலர் வாசிக்கிறார்கள். இதை வாசகர் கருத்து என்று ஆசிரியர் பக்கத்துக்கு அனுப்பி, அவர்கள் பாதியாக வெட்டிப் போடும்படி செய்துவிடாதீர்கள். இது பணம் கட்டிய ஒருவர், வாங்கிய பொருளில் உள்ள குறையைச் சொல்லும் கடிதம். அதனால்தான் உங்கள் பிரிவுக்கு எழுதுகிறேன்.

கடந்த வாரம் எங்கள் பிரதேச சபையின் பாதீட்டு அமர்வு நடந்தது. மே 6 ஆம் திகதி தேர்தலில் தெரிவான சபை இது. 2018 இல் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் கலைந்த பிறகு, இரண்டு வருடங்களுக்கு மேலாக எங்களுக்குச் சபையும் இருக்கவில்லை, கேள்வி கேட்க உறுப்பினரும் இருக்கவில்லை. ஆகவே இந்தப் பாதீட்டில் என்ன இருக்கிறது, தேயிலைத் தோட்டத்துக்கு எவ்வளவு, நகரத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மறுநாள் பத்திரிகையை ஆவலோடு பிரித்தோம்.

ஐந்தாம் பக்கத்தில், ‘பட்டுச் சேலையில் வந்து சபையை அதிரவைத்த இளம் தாய்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. கீழே நான்கு பந்திகள். முதற் பந்தியில் சேலையின் நிறம், கரை, கொண்டையில் இருந்த பூ. இரண்டாவதில் கணவர் கொழும்பில் லொறி ஓட்டுகிறார் என்பதும், பிள்ளைகள் இருவரையும் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தார் என்பதும். மூன்றாவதில் அவர் ‘கூச்சலிட்டார்’, தவிசாளர் ‘புன்னகையுடன் அமைதிப்படுத்தினார்’. கடைசிப் பந்தியின் கடைசி வரியில், ‘தோட்டப் பாதை தொடர்பாகவும் சில கருத்துகளை முன்வைத்தார்’. அவ்வளவுதான். எந்தப் பாதை, என்ன கருத்து என்று ஒரு சொல் கூட இல்லை.

அந்தச் ‘சில கருத்துகள்’ எவை என்பதைப் பார்வையாளர் பகுதியில் இருந்த என் தங்கை சொல்லித்தான் அறிந்தேன். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாதபடி கையைக் கட்டிப்போட்டிருந்தது. வாக்குப் போடுவோம், உறுப்பினரைத் தெரிவு செய்வோம், ஆனால் தொழிலாளர் வசிக்கும் லயனுக்குப் போகும் பாதையில் ஒரு கூடை கல் கொட்டச் சொன்னால் ‘அது கம்பனி நிலம்’ என்பார்கள். 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இந்த உறுப்பினர் எழுந்து கேட்டது, திருத்தத்துக்குப் பிறகு எங்கள் சபை தோட்டப் பாதைகளுக்கு எவ்வளவு ஒதுக்கியது, அடுத்த வருடப் பாதீட்டில் அதற்குத் தனித் தலைப்பு ஏன் இல்லை என்பதை. தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து பிரதான வீதிக்கு வரும் பாதையில் மழை நாட்களில் ஆட்டோ ஏறுவதில்லை, பிரசவ வலி வந்த பெண்ணைக் கம்பளியில் வைத்துத்தான் தூக்கி வருகிறார்கள் என்பதையும் சொல்லியிருக்கிறார். சபைக்குரிய வாரச் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததையும் கேட்டிருக்கிறார். தவிசாளர் இதற்கு என்ன பதில் சொன்னார்? உங்கள் பத்திரிகையை வாசித்த ஒருவருக்கும் தெரியாது. அவர் புன்னகைத்தார் என்பது மட்டும் தெரியும்.

சேலையைப் பற்றித்தான் எழுதுவோம் என்று முடிவு கட்டியிருந்தால், அதையாவது சரியாக எழுதியிருக்கலாம். அது பட்டு அல்ல. அந்த ஜாக்கெட்டைத் தைத்தவள் நான். கரையில் சரிகை போல மினுங்கும் சாதாரண நூல் கலப்புச் சேலை அது, தேர்தல் காலத்திலிருந்து அவர் கூட்டங்களுக்கு உடுத்துவதும் அதைத்தான். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். ‘பட்டு’ என்று நீங்கள் போட்டதால், ‘பதவி கிடைத்ததும் பவுசு வந்துவிட்டது’ என்று தோட்டத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. இன்னொரு பிழையும் உண்டு. அவரை ‘பெண்கள் ஒதுக்கீட்டில் சபைக்கு வந்தவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வட்டாரத்தில் நின்று, ஆண் வேட்பாளர்களைத் தோற்கடித்து வென்றவர். கட்சிப் பட்டியலில் ஒதுக்கீட்டின் வழியாக வந்திருந்தாலும் அதில் ஒரு குறைவும் இல்லை. 25 சதவீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வரும் முன், நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். ஆனால் வென்றவரை வென்றவர் என்று எழுதுவது செய்தியாளரின் குறைந்தபட்சக் கடமை. தேர்தல் முடிவுகளை வெளியிட்டதும் உங்கள் பத்திரிகைதான், அதைப் புரட்டிப் பார்த்திருந்தாலே போதும்.

எங்கள் தொழிலில் ஓர் ஒழுங்கு உண்டு. வருகிறவரின் அளவை எடுப்போம், கொப்பியில் குறிப்போம், அதைப் பற்றிக் கடைக்கு வெளியே வாய் திறக்க மாட்டோம். யார் மெலிந்தார், யார் பருத்தார் என்று பேசும் தையற்காரியிடம் இரண்டாம் முறை யாரும் துணி கொடுப்பதில்லை. சபைக்குப் போன பெண்ணின் உடம்பையும் உடையையும் பற்றி வாய் திறக்காமல் இருக்கத் தெரிந்தவள் நான், சபையில் பேசியதை எழுதச் சம்பளம் வாங்குகிறவர்கள் நீங்கள். வேலை எப்படி இடம் மாறியது என்று எனக்கு விளங்கவில்லை.

அதே பக்கத்தில், அதே அமர்வில் பேசிய ஓர் ஆண் உறுப்பினரின் செய்தியும் இருக்கிறது. அவர் மேசையில் ஓங்கி அடித்தார், குரல் வெளியே பஸ் தரிப்பிடம் வரை கேட்டது என்று தங்கை சொன்னாள். உங்கள் செய்தியில் அவர் ‘ஆணித்தரமாகச் சுட்டிக்காட்டினார்’. அவருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களை யாரிடம் விட்டு வந்தார் என்ற விவரம் இல்லை. அவர் உடுத்திருந்த சேர்ட்டின் நிறம் இல்லை. குப்பை அகற்றும் உழவு இயந்திரம் பழுதாகிக் கிடப்பதைப் பற்றி அவர் பேசியது முழுமையாக இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். குறை அந்தச் செய்தியில் இல்லை.

இது ஒரு நாள் தவறு என்றால் எழுதியிருக்க மாட்டேன். தேர்தலுக்கு முன் நீங்கள் வெளியிட்ட வேட்பாளர் அறிமுகங்களில், ஆண்கள் எல்லாரும் ஆசிரியர், வியாபாரி, தொழிற்சங்கப் பிரதிநிதி. பெண்கள் எல்லாரும் தாய் அல்லது மனைவி. அவர்களில் ஒருவர் இருபது வருடம் கொழுந்து பறித்தவர், மாதர் சங்கத் தலைவி, கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைப்பதை எதிர்த்து, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் வேலையை நிறுத்தியவர். அவரை ‘மூன்று பிள்ளைகளின் தாய்’ என்று முடித்துவிட்டீர்கள். உங்கள் காணொளிப் பிரிவு வென்ற பெண்களிடம் எடுத்த நேர்காணலில், ‘வீட்டையும் அரசியலையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’, ‘கணவர் அனுமதித்தாரா?’, ‘சமைக்கத் தெரியுமா?’ என்ற கேள்விகளோடு நேரம் முடிந்துவிட்டது. படப்பிடிப்புக் கருவி காலில் தொடங்கி மெதுவாக முகத்துக்கு ஏறியதை என் கடையில் இருந்த பெண்கள் ஒன்றாகப் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இடையிடையே ‘மலையகத்தின் வீரமங்கை’ என்று புகழவும் செய்கிறீர்கள். புகழ்ந்த அந்த இடத்திலும் அவர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்கவில்லை.

பெண் அரசியல்வாதிகளை விமர்சிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாக விமர்சியுங்கள். சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரானபோது, எதிர்ப்பாளர்கள் அவரை ‘அழுகின்ற விதவை’ என்று கேலி செய்தார்கள். கொலையுண்ட கணவருக்காக ஒரு பெண் அழுததில் எங்களுக்கு என்ன வழக்கு? எங்கள் வழக்கு 1964 ஒக்டோபரில் அவர் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுப்பது என்று, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் பங்கு பிரித்தார்கள். என் பாட்டியின் தங்கை குடும்பம் மன்னார் வழியாக ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறியது அந்தக் கணக்கில்தான். அவரைக் குறை சொல்வதென்றால் அதற்குச் சொல்லுங்கள். கண்ணீரையும் சேலையையும் பேசிக்கொண்டிருப்பவர்கள், அந்தப் பெண் ஏந்திய அதிகாரத்தையே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் தப்பிப்பதும் அதிகாரம்தான்.

இது எங்கள் ஊர் நோய் மட்டும் அல்ல. 2017 இல் பிரித்தானியப் பிரதமர் தெரேசா மேயும் ஸ்கொட்லாந்து முதலமைச்சர் நிக்கோலா ஸ்டேர்ஜனும் சந்தித்தபோது, அந்நாட்டு நாளிதழ் ஒன்று இருவரில் யாருடைய கால்கள் அழகு என்று முதற் பக்கத்தில் போட்டது. 2022 இல் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டனிடமும் பின்லாந்துப் பிரதமர் சன்னா மரினிடமும், இருவரும் ஒத்த வயதுக்காரர்கள் என்பதால்தான் சந்திக்கிறீர்களா என்று ஒரு செய்தியாளர் கேட்டார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒபாமாவும் நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜோன் கீயும் சந்தித்தபோது அவர்களிடம் யாராவது இப்படிக் கேட்டார்களா என்று ஆர்டன் திருப்பிக் கேட்டார். எங்கள் உறுப்பினருக்கு அப்படித் திருப்பிக் கேட்க ஒலிவாங்கி கிடைப்பதில்லை. ஒலிவாங்கி உங்களிடம் இருக்கிறது.

மலையகத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்களைச் சங்கமாக்கிய நாட்களில் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் அவரோடு மேடை ஏறினார், தானே பாட்டு எழுதிப் பாடிக் கூட்டம் சேர்த்தார், பத்திரிகை வேலையிலும் பங்கெடுத்தார். இந்த மலையில் தமிழில் செய்தி அச்சான தொடக்க நாட்களிலேயே ஒரு பெண்ணின் கை அதில் இருந்தது. 2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் மக்கள் வாக்குகளால் பாராளுமன்றம் சென்றார்கள். அந்தச் செய்தியை நான் கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். 225 பேர் கொண்ட சபையில் பெண்கள் இன்னும் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தாண்டவில்லை.

‘மக்கள் விரும்புவதைத்தான் தருகிறோம்’ என்று உங்கள் பிரதேச முகவர் தொலைபேசியில் சொன்னார். எந்த மக்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. உங்கள் காணொளிக்குக் கீழே அந்த உறுப்பினரைப் பற்றி எழுதப்பட்டிருப்பதை இங்கே எழுத என் கை கூசுகிறது. அதை அழிப்பதற்கும் உங்களிடம் ஆள் இல்லை. என் வாடிக்கையாளர் ஒருவரின் மகள் முன்பள்ளி ஆசிரியை, நன்றாகப் பேசுவாள், கணக்கு வழக்குத் தெரிந்தவள். அடுத்த முறை நிற்கும்படி சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காணொளியைப் பார்த்த அன்று அவளுடைய தகப்பனார் முடியாது என்று சொல்லிவிட்டார். அவரிடம் வாதாட என்னால் முடியவில்லை.

நான் கேட்பவை இவை. வட்டாரத்தில் வென்றவரை ஒதுக்கீட்டில் வந்தவர் என்று எழுதிய பிழையை அதே ஐந்தாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்துங்கள். பட்டு என்ற பிழையைத் திருத்துவதற்காக இன்னொரு சேலைச் செய்தி போட வேண்டாம், அதை விட்டுவிடுங்கள். அவருடைய பாதீட்டு உரையையும் அதற்குத் தவிசாளர் சொன்ன பதிலையும் கூட்ட அறிக்கையிலிருந்து பெற்று வெளியிடுங்கள். தோட்டப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்ற தொகை அதில் இருக்க வேண்டும், எங்களுக்கு முக்கியம் அதுதான். காணொளிக்குக் கீழே உள்ள ஆபாசப் பின்னூட்டங்களை நீக்குங்கள். அந்த நேர்காணலை எடுத்தவர் மறுபடி அதே உறுப்பினரிடம் போய், சபை வேலையைப் பற்றி மட்டும் கேட்கட்டும். அவர் தடுமாறினால் தடுமாறியதையும் காட்டுங்கள், அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் ஒழுக்கக் கோவை பிழைகளைத் தாமதமின்றித் திருத்தச் சொல்கிறது. பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே கடிதத்தை இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு அனுப்புவேன். அப்போது என் சந்தாவையும் நிறுத்திவிட்டு, மீதி மாதங்களுக்குரிய பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கிறேன். காசோலை என்றால் பற்றுச்சீட்டில் உள்ள கடைப் பெயருக்கு எழுதுங்கள். முகவரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், போன வருடம் அவர் கொண்டுவந்த மீதிப் பணத்தில் ஐம்பது ரூபா குறைவாக இருந்தது.

இப்படிக்கு,
சந்தாதாரர்,
தையற்கடை உரிமையாளர்

இணைப்பு: ஐந்தாம் பக்கத்தின் நிழற்பிரதி, சந்தாப் பற்றுச்சீட்டின் பிரதி